பயணத்தில் காதுப் பயிற்சி: கையில் ஒரு ஜோடி இயர்போன் மட்டும் இருந்தால் என்ன செய்வது?

பயணச்செவி

வணக்கம் நண்பர்களே. வேலை காரணமாக அடுத்த சில மாதங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கப் போகிறேன். அறையில் மானிட்டர் ஸ்பீக்கரும் ஓப்பன் பேக் ஹெட்ஃபோனும் வைத்துத் தினமும் காதுப் பயிற்சி செய்து வந்தேன். ஸ்வரம் கண்டுபிடிக்கும் பயிற்சியைச் சொல்லவில்லை. மிக்ஸிங் (பாட்டின் ஒலிகளைச் சமன் செய்து சேர்ப்பது) செய்பவர்களுக்கான பயிற்சி: பிங்க் நாய்ஸிலோ (எல்லா அதிர்வெண்களும் கலந்த 'ஷ்ஷ்' இரைச்சல்) பாட்டிலோ ஒரு பேண்டை (அதிர்வெண் பகுதியை) ஏற்றிவிட்டு, ஏறியது 500 ஹெர்ட்ஸா, 1 கிலோஹெர்ட்ஸா, 2 கிலோஹெர்ட்ஸா என்று சொல்வது. 12 டெசிபல் ஏற்றத்தில் ஆரம்பித்து, இப்போதுதான் 6 டெசிபலில் ஓரளவு சரியாகச் சொல்ல வருகிறது. இந்த நேரத்தில் விட்டுவிட மனமில்லை.

பையில் இடம் குறைவு. கம்பி வைத்த இயர்போன் ஒன்று (காதுக்குள் செருகும் வகை), நாய்ஸ் கேன்சலிங் உள்ள ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஒன்று, போன். மடிக்கணினி எப்போதும் பக்கத்தில் இருக்காது, இணையமும் நிச்சயமில்லை. இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, அல்லது திரும்பி வந்து தொடர்வதுதான் நல்லதா?

மேடைஒலி

தாராளமாக முடியும். நான் கச்சேரிக் குழுக்களோடு சுற்றும் ஒலிப் பொறியாளன். பேருந்திலும் தங்கும் விடுதியிலும்தான் என் பயிற்சி பெரும்பாலும் நடக்கிறது.

முதலில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் ஓட்டு கம்பி இயர்போனுக்கு. விலை எதுவானாலும் பரவாயில்லை, பயணம் முடியும்வரை பயிற்சிக்கு அது ஒன்றுதான். ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றினால் காது எதையும் அடிப்படையாகப் பிடித்துக்கொள்ளாது.

அடுத்தது, கிளம்புவதற்கு முன்பே பயிற்சி ஃபைல்களைச் செய்து போனில் ஏற்றிவிடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டுத் துண்டையும் பிங்க் நாய்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபைலும் இப்படி இருக்கட்டும்: 5 விநாடி மாற்றமில்லாமல், 5 விநாடி ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஏற்றி இறக்கும் வசதி) போட்டு, மறுபடி 5 விநாடி மாற்றமில்லாமல், மறுபடி 5 விநாடி ஈக்யூவோடு. பிறகு 5 விநாடி அமைதி. கடைசியில் உங்கள் குரலிலேயே விடை: "இரண்டு கிலோ, ஏற்றம்". 63 ஹெர்ட்ஸிலிருந்து 16 கிலோஹெர்ட்ஸ் வரை ஆக்டேவ் வரிசையில் (ஒவ்வொன்றும் முந்தையதன் இரு மடங்கு) 9 பேண்டுகள் வரும். பேண்டின் அகலத்தைத் தீர்மானிக்கும் கியூ மதிப்பு 1.4 வைத்தால் ஏறக்குறைய ஒரு ஆக்டேவ் அகலம். 12, 9, 6, 3 டெசிபல் என்று தனித்தனி ஃபோல்டர்கள். ஏற்றம் ஒரு தொகுப்பு, இறக்கம் ஒரு தொகுப்பு. இறக்கம் எப்போதும் கடினம், அதை அவசரப்படுத்த வேண்டாம்.

ஷஃபிள் போட்டுக் கேளுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், இணையம் வேண்டாம். அமைதி வரும்போது வாய்விட்டோ மனதுக்குள்ளோ விடை சொல்லுங்கள், பிறகு பதிவு சொல்லும். ஃபைல் பெயரில் விடை தெரியாமல் வெறும் எண்ணாக வைத்துவிடுங்கள்.

நேர்கோடு

எனக்கு இதில் உடன்பாடில்லை. காதுக்குள் செருகும் இயர்போன் எதை எடுத்தாலும் அதற்கென்று மேடு பள்ளம் இருக்கிறது. 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு, 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கூர்மையான ஒரு முனை என்று பலவற்றில் பார்க்கலாம். அதில் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தால் காது பழகுவது அந்த இயர்போனின் நிறத்துக்குத்தான். அதற்குப் பதில் பயணத்தில் நல்ல இசையை ரசித்துக் கேட்டு ஓய்வெடுத்துவிட்டு, திரும்பி வந்து ஒழுங்கான கருவியில் தொடரலாம். தவறான அடித்தளத்தில் சுவர் எழுப்புவதை விட எழுப்பாமல் இருப்பது மேல்.

மேடைஒலி

> காது பழகுவது அந்த இயர்போனின் நிறத்துக்குத்தான்

இந்தக் கவலை நியாயமானது. ஆனால் பயிற்சியில் நாம் என்ன கேட்கிறோம் என்று பாருங்கள். 'இந்த ஒலி சமநிலையாக இருக்கிறதா' என்பது அங்கே கேள்வியே அல்ல. 'முதல் துண்டுக்கும் இரண்டாவது துண்டுக்கும் எங்கே வித்தியாசம்' என்பதுதான் கேள்வி. இயர்போனின் மேடு இரண்டு துண்டிலும் அப்படியே இருக்கிறது. மாறுவது ஈக்யூ மட்டும். அந்த வித்தியாசத்தைப் பிடிக்கும் திறன் கருவி மாறினாலும் கூடவே வரும்.

எது கூட வராது என்றால், 'ஒரு நல்ல மிக்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும்' என்ற நினைவு. அதை இயர்போனில் வளர்க்க முடியாது என்று நீங்கள் சொன்னால் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பயணத்தில் யாரும் மிக்ஸை இறுதி செய்ய வேண்டாம்.

உயிரொலி

நேர்கோடு சொல்லும் அந்த 6 முதல் 9 கிலோ முனையில் ஒரு விஷயம் உண்மைதான். செருகும் ஆழம் கொஞ்சம் மாறினாலே அந்த முனை இடம் மாறும். காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. அதனால் 8 கிலோ பக்கத்துக் கேள்விகளில் தடுமாறினால் காதைக் குறை சொல்லாமல் இயர்போனை ஒரே ஆழத்தில் செருகப் பழகுங்கள்.

கீழ்ப்பக்கம் இன்னும் முக்கியம். ரப்பர் முனை காதை முழுக்க அடைக்காவிட்டால் 63, 125 ஹெர்ட்ஸ் எல்லாம் வழியிலேயே கசிந்து போய்விடும். சோதிக்க எளிய வழி: 50 ஹெர்ட்ஸ் சீரான ஒலி ஒன்றைப் போட்டு, விரலால் இயர்போனை மெதுவாக உள்ளே அழுத்துங்கள். ஒலி சட்டென்று கூடினால் அடைப்பு சரியில்லை. பெரிய முனை அல்லது நுரை முனை மாற்றுங்கள். இரண்டு காதிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு இரண்டு காதுத் துளையும் ஒரே அளவு இல்லை.

அப்புறம், அதிர்வெண்ணை நினைவில் நிறுத்த நம் உயிரெழுத்துகளே போதும். பிங்க் நாய்ஸில் 250 பக்கம் ஏற்றினால் 'ஊ' சாயல் வரும். 500 பக்கம் 'ஓ'. 1 கிலோ பக்கம் 'ஆ'. 2 கிலோ பக்கம் 'ஏ'. 4 கிலோ பக்கம் 'ஈ'. அதற்கும் மேலே 8 கிலோவில் 'ஸ்ஸ்' என்ற சீறல். உயிரொலிகளை நாம் பிரித்தறிவதே வாய்க்குள் உருவாகும் இந்த மாதிரி ஒத்ததிர்வுகளை வைத்துத்தான், அதனால் காதுக்கு இது புதுப் பாடமில்லை. எந்த இயர்போனானாலும் 'ஆ' 'ஆ'வாகத்தான் கேட்கும். இல்லையென்றால் போனில் பேசுபவர் சொல்வது நமக்குப் புரியவே புரியாது.

இந்த வகைப் பயிற்சி இன்று நேற்று வந்ததல்ல. வார்சாவில் உள்ள ஷோபென் இசைக் கல்விக்கூடத்தில் 1970-களிலேயே ஒலிப்பதிவு மாணவர்களுக்கு 'ஒலிநிற சொல்ஃபேஜ்' (ஒலியின் நிறத்தை இனம்காணும் பயிற்சி) என்ற பெயரில் பாடமாக வைத்தார்கள். அங்கிருந்து வேறு நாடுகளின் ஒலிப் படிப்புகளுக்கும் இது பரவியது.

பயணச்செவி

உயிரெழுத்து விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. இப்போதே போட்டுப் பார்த்தேன், 'ஓ'வும் 'ஆ'வும் தெளிவாகத் தெரிகின்றன. 'ஏ'வில்தான் குழப்பம்.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, ப்ளூடூத் ஹெட்ஃபோனை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறீர்கள்? அதன் ஒலி என் கம்பி இயர்போனை விட நன்றாகவே இருக்கிறது. இரண்டு, விமானத்தில் நேரம் நிறையக் கிடைக்கிறது. அங்கே செய்யலாமா?

கம்பிவழி

ப்ளூடூத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எஸ்பிசி, ஏஏசி போன்ற சுருக்க முறைகளால் ஒலி கெட்டுவிடுகிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். 6 டெசிபல் ஈக்யூ பயிற்சிக்கு அது பெரிய தடை இல்லை. உண்மையான சிக்கல், அந்த ஹெட்ஃபோனுக்குள் ஓடும் கணிப்பொறிதான். காதில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து ஈக்யூவைத் தானாக மாற்றுகிற மாடல்கள் இருக்கின்றன. வெளிச்சத்தம் கூடினால் தானாக மாறுகிறவை இருக்கின்றன. நாய்ஸ் கேன்சலிங் போட்டால் ஒரு நிறம், நிறுத்தினால் வேறு நிறம். அதாவது நீங்கள் கேட்கும் வித்தியாசம் ஃபைலில் இருப்பதா ஹெட்ஃபோன் செய்ததா என்று தெரியாது. மேடைஒலி சொன்ன வாதமே, இரண்டு துண்டிலும் கருவி ஒன்றாக இருக்கிறது என்பதில்தானே நிற்கிறது.

அதையே பயன்படுத்த வேண்டுமென்றால் செயலிக்குள் போய்த் தானியங்கி ஈக்யூ, ஸ்பேஷியல் ஆடியோ, ஒலியளவைச் சமன் செய்யும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். நாய்ஸ் கேன்சலிங்கை ஒரே நிலையில் வைத்திருங்கள். ஏதாவது செயலி மைக்கைத் திறந்துவிட்டால் பழைய ப்ளூடூத் முறையில் ஹெட்ஃபோன் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும். சாம்பிளிங் விகிதம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிட்டால் 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் வராது. திடீரென்று எல்லாமே மந்தமாகக் கேட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

போனின் அமைப்புகளிலும் ஒரு முறை நுழைந்து ஈக்யூ, 'ஒலி மேம்பாடு' போன்றவை அணைந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பிக்கும் இது பொருந்தும்.

செவிநலம்

விமானக் கேள்விக்கு என் பதில்: அதிர்வெண் பயிற்சியை அங்கே தயவுசெய்து செய்யாதீர்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பறக்கும்போது விமானத்துக்குள் சத்தம் சுமார் 80 முதல் 85 டெசிபல் இருக்கும், பெரும்பகுதி கீழ் அதிர்வெண்களில். கீழ் அதிர்வெண் சத்தம் தனக்கு மேலே இருப்பதையும் மறைக்கும், மேல் சத்தம் கீழே இருப்பதை அவ்வளவாக மறைக்காது. ஆக 125, 250 கேள்விகள் மொத்தமாக மூழ்கிவிடும், 500-உம் தடுமாறும். அதை மீறிக் கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றுவீர்கள். அங்கேதான் ஆபத்து. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பணியிடத்துக்குச் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் ஒரே மணி நேரம். சத்தத்தை மீறிக் கேட்க நினைப்பவர் 90-ஐத் தாண்டுவது மிகச் சுலபம்.

இறங்கிய உடனேயும் வேண்டாம். அழுத்த மாற்றத்தால் காது அடைத்திருந்தால் ஒலி மந்தமாகக் கேட்கும். அடைப்பு விடாவிட்டாலும் காதுக்குள் ரீங்காரம் மிச்சமிருந்தாலும் அன்றைக்குப் பயிற்சி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காதுகளை வைத்துத்தான் இனி வரும் ஆண்டுகளெல்லாம் வேலை செய்யப் போகிறீர்கள்.

மேடைஒலி

செவிநலம் சொன்னதோடு ஒலியளவு பற்றி இன்னொன்று. மெதுவாகக் கேட்டால் நம் காதுக்குக் கீழ் அதிர்வெண் அதிகமாகக் குறைந்து தெரியும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வளைகோடுகளாக வெளியிட்டார்கள். எனவே ஒரு நாள் மெதுவாக, ஒரு நாள் சத்தமாகப் பயிற்சி செய்தால் கேட்கும் சமநிலையே மாறிக்கொண்டிருக்கும். அமைதியான அறையில் சாதாரணப் பேச்சளவுக்கு வைத்து, போனின் ஒலிப்பட்டியில் எத்தனையாவது படி என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் அதே படி. அந்தப் படியில் கேட்கவில்லை என்றால் அந்த இடம் பயிற்சிக்கு ஏற்றதல்ல.

நேர்கோடு

ஃபைல் தயாரிப்பில் யாரும் தொடாத ஒரு ஓட்டை இருக்கிறது. பிங்க் நாய்ஸில் ஒவ்வொரு ஆக்டேவிலும் ஒரே ஆற்றல். 10 ஆக்டேவில் ஒன்றை 12 டெசிபல் ஏற்றினால் மொத்த அளவு சுமார் 4 டெசிபல் கூடும், எந்த ஆக்டேவை ஏற்றினாலும் ஏறக்குறைய அதேதான். பாட்டில் அப்படியில்லை. பாட்டின் ஆற்றல் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் குவிந்திருக்கிறது. 125-ஐ ஏற்றினால் மொத்தமும் எகிறும், 16 கிலோவை ஏற்றினால் மீட்டர் அசையவே அசையாது. அப்போது உங்கள் காது 'சத்தம் கூடிவிட்டது, அப்படியானால் இது பேஸ்தான்' என்று குறுக்குவழியில் விடை சொல்லக் கற்றுக்கொள்ளும். மதிப்பெண் ஏறும், காது வளராது. ஈக்யூ போட்ட துண்டை லவுட்னஸ் மீட்டரில் பார்த்து, முதல் துண்டின் அளவுக்கே இறக்கிய பிறகு ஃபைலாக்குங்கள்.

செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் இதையாவது சரியாகச் செய்யுங்கள் என்பதற்காகச் சொன்னேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இயர்போனை நம்ப வேண்டாம் என்பதும் என் கருத்து. ஸ்பீக்கரில் அந்தப் பகுதியை உடம்பும் அறையும் சேர்ந்து கேட்கின்றன. காதுக்குள் செருகிய சிறு குழாயில் அது கிடைக்காது.

பயணச்செவி

அருமையான குறிப்பு நேர்கோடு, நன்றி. அளவைச் சமன் செய்துதான் ஃபைல் போடப் போகிறேன். 63 பேண்டைப் பயணத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

புதுவரவு

அண்ணன்மாரே, இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். என்னிடம் நல்ல இயர்போன்கூட இல்லை, போன் ஸ்பீக்கர்தான். நான் எதையாவது பழகலாமா?

உயிரொலி

வாருங்கள் தம்பி. போன் ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அனேகமாக ஒன்றுமே வராது. அப்படியும் பேஸ் கித்தாரின் ஸ்வரம் உங்களுக்குக் கேட்கிறது அல்லவா? மேலே உள்ள மடங்கு அதிர்வெண்களை வைத்து இல்லாத அடிஸ்வரத்தை மூளை தானே கட்டிக்கொள்கிறது. 'கேட்கிறது' என்பதும் 'ஸ்பீக்கரில் வருகிறது' என்பதும் ஒன்றல்ல என்று இதிலிருந்து தெரியும். போன் ஸ்பீக்கரில் 500 முதல் 4 கிலோ வரை மட்டும் 4 பேண்டுகளாகப் பழகுங்கள். குரல் புரிவதும், ஒரு கருவி முன்னால் வருவதும் பின்னால் போவதும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் தீர்மானமாகிறது. ஆரம்பத்துக்கு இதுவே நிறைய.

கருவியே இல்லாமலும் பழக நிறைய இருக்கிறது, பயணத்தில் அது இன்னும் அதிகம். ஏனென்றால் தினம் ஒரு புது அறை. அறைக்குள் நுழைந்ததும் ஒரு முறை கை தட்டுங்கள். ஒலி எவ்வளவு நேரம் தங்குகிறது? வாலில் பளபளப்பு இருக்கிறதா, மந்தமாக இருக்கிறதா? எதிரெதிரே வெறும் சுவர் இருந்தால் 'ட்ரர்ர்' என்று படபடக்கும் எதிரொலி வருகிறதா? குளியலறையில் அதே தட்டல், பிறகு துணி நிறைந்த அலமாரிக்கு முன்னால் அதே தட்டல். ரிவெர்ப் (அறை எதிரொலி சேர்க்கும்) பிளக்-இன்னில் நாம் திருகும் டீக்கே டைமும் (ஒலி தங்கும் நேரம்) டேம்பிங்கும் (வால் மந்தமாவது) இங்கே நேரடியாகக் கிடைக்கின்றன.

அடுத்தது மின்சார ரீங்காரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் முனகுவது 100 ஹெர்ட்ஸில், 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 120-ல். இரண்டு வகை நாடுகளுக்கும் போகிறவர் இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகலாம். அளந்து பார்க்க, போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெக்ட்ரம் செயலி போதும். முதலில் காதால் ஊகித்துவிட்டுப் பிறகுதான் திரையைப் பார்க்க வேண்டும், வரிசை மாறக் கூடாது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. மின்விசிறி, ஏசி போல ஓயாமல் 'ஷ்ஷ்' என்று ஒலிக்கும் ஏதாவது ஓடும்போது கடினமான சுவர் ஒன்றை நோக்கி மெதுவாக நடந்து, காதைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒலியின் நிறம் வழுக்கிக்கொண்டே போவது கேட்கும். நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் சேர்வதால் வரும் கோம்ப் ஃபில்டர் அது. ஒலி உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, காது சுவரிலிருந்து சுமார் 17 சென்டிமீட்டரில் இருந்தால், சுவருக்குப் போய் வரும் தூரம் 34 சென்டிமீட்டர், தாமதம் ஏறக்குறைய 1 மில்லிவிநாடி. 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். டிரம்முக்கு இரண்டு மைக் வைக்கும்போது வரும் ஃபேஸ் சிக்கலும் இதே நிறம்தான். சுவரில் ஒரு முறை கேட்டுப் பழகியவர் அதை மிக்ஸில் உடனே கண்டுகொள்வார்.

புதுவரவு

சுவர்ப் பயிற்சியை இப்போதே செய்து பார்த்தேன், நம்ப முடியவில்லை! இத்தனை நாள் இது காதில் விழுந்ததே இல்லை. மிக்க நன்றி அண்ணா.

பயணச்செவி

எல்லோருக்கும் வணக்கம். பயணம் ஆரம்பித்து ஒழுங்காக ஒரு வழக்கம் பிடிபட்ட பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

காலையில் எழுந்ததும், வெளிச்சத்தம் தொடங்கும் முன்பு, 15 நிமிடம். அதற்கு மேல் போனால் விடைகள் தளர்கின்றன, எனவே அங்கேயே நிறுத்திவிடுகிறேன். குரலில் விடை வரும் முறை பிரமாதம். கண்ணை மூடிக்கொண்டு படுத்தபடியே செய்ய முடிகிறது. 1 கிலோவுக்கும் 2 கிலோவுக்கும் இருந்த குழப்பம் நன்றாகக் குறைந்துவிட்டது. 250-ஐயும் 500-ஐயும்தான் இன்னும் மாற்றி மாற்றிச் சொல்கிறேன், அதுவும் பாட்டில் மட்டும். நாய்ஸில் சரியாக வருகிறது.

கேள்வி இதுதான்: ரயிலிலும் காத்திருக்கும் இடங்களிலும் நேரம் வீணாகிறது. அங்கே அதிர்வெண் வேண்டாம் என்று புரிகிறது. வேறு ஏதாவது?

கம்பிவழி

250-உம் 500-உம் பாட்டில் குழம்புவது எல்லோருக்கும் நடப்பது. பாட்டில் அந்த இடத்தில் எந்தக் கருவி இருக்கிறதோ அதைத்தான் காது கவனிக்கிறது, பேண்டை அல்ல. ஒரே பாட்டுத் துண்டை விட்டுவிட்டு மூன்று நான்கு வெவ்வேறு துண்டுகளில் அந்த இரண்டு பேண்டை மட்டும் வைத்து ஒரு தனித் தொகுப்பு போடுங்கள். அடுத்த முறை மடிக்கணினி கிடைக்கும்போது செய்தால் போதும்.

சத்தமுள்ள இடத்துக்கு, நேரம் சார்ந்த பயிற்சிகள். டிரம் துண்டு ஒன்றை எடுத்து ஒரு முறை கம்ப்ரஸரின் (சத்தமான இடங்களை அமுக்கும் கருவி) அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 1 மில்லிவிநாடி, ஒரு முறை 30 மில்லிவிநாடி. முதலாவதில் ஸ்னேரின் 'டக்' என்ற முன்னடி அமுங்கியிருக்கும், இரண்டாவதில் அது தப்பித்து முன்னால் வரும். அளவைச் சமன் செய்ய மறக்காதீர்கள். ரிலீஸுக்கும் (அமுக்கத்தைத் தளர்த்த எடுக்கும் நேரம்) இதே மாதிரி: வேகமான ரிலீஸில் அடிகளுக்கு நடுவே அறையின் ஒலி மேலே எழும்பும், மெதுவான ரிலீஸில் அப்படியே கீழே கிடக்கும். டிலே (ஒலி தாமதித்துத் திரும்ப வருவது) 20-ஆ 40-ஆ 80 மில்லிவிநாடியா என்று சொல்வது இன்னொன்று. இவற்றுக்குத் தட்டையான இயர்போன் தேவையில்லை, கொஞ்சம் வெளிச்சத்தம் இருந்தாலும் அடியின் வடிவம் தெரியும். ஒலியளவை மட்டும் ஏற்றாதீர்கள்.

நேர்கோடு

இதற்கு என் முழு ஆதரவு. கம்ப்ரஷனைக் கேட்கப் பழகுவது ஈக்யூவை விட நாள் பிடிக்கும், பெரும்பாலானோர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். மோனோவில் (இரண்டு காதிலும் ஒரே ஒலி) செய்யுங்கள். போனின் அணுகல் அமைப்புகளில் மோனோ ஆடியோ வசதி இருக்கும். ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டாலும் இழப்பு இல்லை, மறு காதில் அறிவிப்பும் கேட்கும்.

பயணச்செவி

இன்று இரவு மடிக்கணினி கிடைக்கிறது. அட்டாக்குக்கு 1, 10, 30 என்று மூன்று படி வைத்து முதல் தொகுப்பைப் போடுகிறேன். ஃபைல்கள் தயாரானதும் இதே இழையில் இணைப்பு தருகிறேன், புதுவரவும் எடுத்துக்கொள்ளலாம்.